இந்தக் காட்சி எதற்கு? திரைக்கதை எழுத வருபவர்களுக்கு

திரைக்கதை எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர் பற்றித்தான். எதில் எழுதுவது, எந்த எழுத்துரு, எத்தனை பக்கம். இதற்கெல்லாம் இரண்டு பத்தியில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்லியும் இருக்கிறேன். யாரும் கேட்காத கேள்வி வேறொன்று உண்டு. எழுதி முடித்த காட்சியைப் பத்துப் பேர் பத்து விதமாக மாற்றச் சொல்லும்போது எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது?

இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் வெள்ளைத் தாளில் புதிதாக எழுதிய நாட்களைக் கூட்டினால் ஐந்து வருடம் தேறுமா என்பது சந்தேகம். மீதியெல்லாம் திருத்தி எழுதியதில் போனது. அதனால் இங்கே எழுதுவதைப் பற்றிக் கொஞ்சமும் திருத்துவதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

1. ஒன்லைனை எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஒன்லைன் கேட்டால் ஒன்றரைப் பக்கத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே எது நிற்கிறது, இந்த மூன்றும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வாக்கியத்தில் அடங்கினால் போதும். 'தந்தைக்கும் மகனுக்கும் உள்ள பாசத்தைப் பற்றிய கதை' என்பது ஒன்லைன் ஆகாது. அதில் யாரும் எதையும் செய்யவில்லை. 'பார்வை மங்கிக்கொண்டே வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், அதை மகனிடம் மறைத்துவிட்டு, கடைசியாக ஒரு லோடைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறார்.' இதில் ஆள் இருக்கிறார், ஆசை இருக்கிறது, தடை இருக்கிறது. நல்ல கதையா என்பது வேறு விஷயம். சேர்த்தாரா இல்லையா என்று கேட்கவாவது தோன்றும்.

சினிமாவோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். தாளைக் கையில் கொடுக்காதீர்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் போனை எடுக்கிறார், எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். 'நல்லா இருக்கு' என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது மரியாதை. 'அப்புறம்?' என்று கேட்டாரா என்பதுதான் கணக்கு. ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்லுங்கள். ஐந்தாவது தடவை சொல்லும்போது நீங்களே சில இடங்களைத் தாவிப் போவீர்கள். அப்படித் தாவிய இடங்களில் பாதி, கதைக்கே தேவைப்படாதவை.

2. சீன் ஆர்டர்: அட்டையின் பின்பக்கம்

ஒன்லைன் உறுதியாக நின்றுவிட்டால் அடுத்தது சீன் ஆர்டர், அதாவது காட்சிகளை வரிசைப்படுத்துவது. நான் இன்னும் கையளவு அட்டைகளில்தான் செய்கிறேன். கணினியிலும் செய்யலாம். ஆனால் தரையில் பரப்பி வைத்துச் சுற்றி நடக்கும்போது கண்ணில் படுகிற ஓட்டை திரையில் படுவதில்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கு ஐம்பது, அறுபது அட்டை வரும். காட்சிகள் சின்னச் சின்னதாக ஓடும் கதையென்றால் நூறுகூடப் போகும்.

அட்டையின் முன்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பின்பக்கத்தில் இந்தக் காட்சி எதற்கு என்று ஒரே வரி. காட்சி தொடங்கும்போது இல்லாத எது, முடியும்போது இருக்கிறது? யாருக்கு என்ன தெரிந்துவிட்டது, எந்தக் கதவு மூடிக்கொண்டது, யார் மேல் இருந்த நம்பிக்கை போனது? இனி வரப்போகும் எல்லாக் கட்டத்திலும் இந்தப் பின்பக்க வரிதான் உங்களுக்குத் துணை. பின்பக்கம் காலியாகவே இருக்கும் அட்டைகள் கண்டிப்பாகச் சில தேறும். என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் நமக்கு ரொம்பப் பிடித்த காட்சிகளாகவே இருக்கும். கிழித்துப் போட மனம் வராது. தனியாக ஒரு கட்டாகக் கட்டி ஓரமாக வையுங்கள். அதிலிருந்து ஒரு வசனமோ ஒரு பொருளோ வேறெங்காவது உதவும்.

பிறகு ஒரு சோதனை. அடுத்தடுத்த இரண்டு அட்டைகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' என்ற சொல்லைப் போட்டு வாசிக்க முடிகிறதா பாருங்கள். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால், அங்கே சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன, கதை நகரவில்லை. கேட்பவர் 'அப்புறம்?' என்றால் நல்லது, எழுதுபவர் 'அப்புறம்' என்றால் கெட்டது. இந்தத் தொழிலில் இப்படிச் சில அநியாயங்கள் உண்டு.

3. வடிவம்: இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள்

ஆங்கிலத் திரைக்கதை 12 பாயின்ட் கூரியர் எழுத்துருவில் அடிக்கப்படுகிறது. தட்டச்சுக் காலத்துப் பழக்கம். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்று கணக்குப் போட முடிகிறது. 90 முதல் 120 பக்கம் என்று சொல்வதும் அதனால்தான். தமிழில் எழுதினால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சொற்கள் நீளம், எழுத்துக்களின் அகலம் வேறு. நீங்கள் எழுதிய ஐந்து பக்கத்தை, நடிப்புக்கும் மௌனத்துக்கும் இடம்விட்டு வாய்விட்டு வாசித்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். உங்கள் எழுத்துருவுக்கான கணக்கு கிடைத்துவிடும்.

காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்பது இருக்க வேண்டும். அதன் கீழே கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிந்தவை மட்டும். 'அவள் தன் சிறு வயதை நினைத்துப் பார்த்தாள்' என்று எழுதினால் கேமரா எதைப் படம் பிடிக்கும்? இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தத் தாளை வைத்துத்தான் உதவி இயக்குநர் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை நாள் படப்பிடிப்பு என்று கணக்கிடுவார். 'வெளி. பாலம். இரவு. மழை.' என்று நான்கு சொல் எழுத நமக்கு நான்கு விநாடி. அந்தப் பக்கம் விளக்கு, மழைக்குத் தண்ணீர் லாரி, பாலத்துக்கு அனுமதி, அடுத்த டேக்குக்குக் காய்ந்த உடை என்று ஒருவர் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார். மழை வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள். எதற்கு மழை என்று கேட்டால் மட்டும் பதில் இருக்க வேண்டும்.

4. முதல் டிராஃப்ட்: திரும்பிப் பார்க்காமல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. தினம் மூன்று பக்கம் என்றால் 110 பக்கத்துக்கு 37 நாள். நேற்று எழுதியதைத் திருத்த உட்காராதீர்கள். உட்கார்ந்தால் முதல் முப்பது பக்கம் பளபளவென்று இருக்கும், முப்பத்தொன்றாம் பக்கம் வரவே வராது. வசனம் கிடைக்காத இடத்தில் 'இங்கே இவன் பொய் சொல்கிறான்' என்று எழுதிவிட்டு மேலே போங்கள். முடித்ததும் குறைந்தது இரண்டு வாரம் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். முடித்த சந்தோஷத்தில் அன்று ராத்திரியே அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பத்தாம் பக்கத்து ஓட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. முதல் வாசிப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். அதே ஆளிடம் இரண்டாவது முதல் வாசிப்பைக் கேட்க முடியாது.

5. திருத்தம்: ஒரு சுற்றுக்கு ஒரு வேலை

எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் சரி செய்யப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதல் சுற்றில் கட்டமைப்பை மட்டும் பாருங்கள், எந்தக் காட்சி போக வேண்டும், எது இடம் மாற வேண்டும் என்று. இந்தச் சுற்றில் எழுத்துப்பிழைகூடத் திருத்தாதீர்கள். நாளைக்கு வெட்டப்போகும் காட்சிக்கு எதற்கு அலங்காரம்? அடுத்த சுற்றில் ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்து, அது வரும் காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள். துணைப் பாத்திரங்கள் வசதிக்காக வந்து போவது அப்போதுதான் தெரியும். வசனத்துக்கென்று ஒரு சுற்று, வெட்டுவதற்கென்று ஒரு சுற்று. வெட்டும் சுற்றில், ஒவ்வொரு காட்சியின் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். பாதிக் காட்சிகளில் எதுவும் குறையாது. வாங்க, உட்காருங்க, நான் கிளம்புறேன் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வசனச் சுற்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். அப்பா இறந்து சில நாள் ஆகிறது. அக்கா வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டவள். தம்பி வெளியூரில் இருந்தவன். என் முதல் டிராஃப்டில் இருந்தது இது:

உள். அப்பாவின் அறை. பகல்.

அக்கா அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். தம்பி வாசலில் நிற்கிறான்.

அக்கா: ஆறு மாசம் அப்பா படுக்கையில கிடந்தாரு. நீ ஒரு தடவைகூட வந்து பார்க்கல. எல்லாத்தையும் நான் ஒருத்தியே சுமந்தேன்.

தம்பி: எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையாக்கா? நினைச்சு நினைச்சுத் தூக்கமே இல்ல.

பொய்யாக ஒன்றும் இல்லை. ஆனால் இருவரும் தங்கள் மனதைத் தாங்களே விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு வேலையே இல்லை. நான்காவது டிராஃப்டில் இப்படி ஆனது:

தம்பி கட்டிலோரம் இருக்கும் மருந்துப் பெட்டியைத் திறக்கிறான்.

தம்பி: இது எதுக்கு?

அக்கா (திரும்பாமல்): பிரஷர். காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி.

தம்பி: இது?

அக்கா: ராத்திரிக்கு. பாதியா உடைச்சுக் குடுக்கணும்.

தம்பி: இது?

பதில் இல்லை. தம்பி நிமிர்ந்து பார்க்கிறான். அக்கா திரும்பியிருக்கிறாள்.

அக்கா: அது என்னோடது.

அட்டையின் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்த வரி: 'தான் வராத ஆறு மாதத்தில் அக்கா என்ன ஆகிவிட்டாள் என்று தம்பிக்குத் தெரிகிறது.' முதல் டிராஃப்டிலும் நான்காவதிலும் அந்த வரி மாறவே இல்லை. முதல் வடிவம் வீண் என்றும் நினைக்கவில்லை. காட்சி எதைப் பற்றியது என்று எனக்கே தெரிய, யாராவது ஒரு தடவை அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரிகளை எழுதுங்கள். படத்தில் விட்டுவைக்காதீர்கள்.

இன்னொரு பழைய சோதனை: பாத்திரங்களின் பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால், எல்லோர் வாயிலும் நீங்களே உட்கார்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

6. கரெக்ஷன் கேட்கும் கலை

டிராஃப்ட் கைமாறிய பிறகு டிஸ்கஷன் வரும். தயாரிப்பாளர், இயக்குநர், சில சமயம் நடிகர், சில சமயம் யாரென்றே தெரியாத ஒருவர், எல்லோருக்கும் கருத்து இருக்கும். புதியவர்களில் ஒரு பாதி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், இன்னொரு பாதி எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறார்கள். இரண்டு கூட்டமும் மூன்றாவது படத்துக்குள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்பவர் எங்கே வலிக்கிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்வார். அதற்கு என்ன மருந்து என்பதில்தான் பெரும்பாலும் தவறுவார். ஒரு தடவை ஒரு தயாரிப்பாளர், முதல் அரை மணி நேரத்தில் இரண்டு காமெடி சீன் வேண்டும் என்று அடம்பிடித்தார். கதையோ ஒரு கடத்தலைப் பற்றியது. எனக்கு எரிச்சல். ராத்திரி முழுக்க மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மறுநாள் போய், 'சார், சிரிப்பு வேணும்னு எந்த இடத்துல தோணுச்சு?' என்று மட்டும் கேட்டேன். பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நாயகன் தன் வேலையாளைத் திட்டும் இடம். அவருக்கு வேண்டியது காமெடியே இல்லை. நாயகனை அவருக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லத் தெரியவில்லை. திட்டிவிட்டுப் போகிறவன் வாசலில் நின்று, அந்த வேலையாளின் செருப்பு அறுந்திருப்பதைப் பார்க்கிறான் என்று ஒரு வரி சேர்த்தேன். காமெடி சீன் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

ஆகவே அறைக்குள் பதில் சொல்லாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது, எந்த இடத்தில் குழப்பம் வந்தது என்று கேளுங்கள். 'செகண்ட் ஹாஃப் லேக்' என்று யாராவது சொன்னால் இரண்டாம் பாதியை வெட்டத் தொடங்காதீர்கள். நோய் பெரும்பாலும் முதல் பாதியில் இருக்கும், நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே தெளிவாக விழுந்திருக்காது. ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி குறிப்புகளைப் படியுங்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே பக்கத்தைச் சொல்லியிருந்தால், அவர்கள் சொன்ன காரணம் வேறு வேறாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் கோளாறு இருக்கிறது. ஒரு மாற்றம் அட்டையின் பின்பக்க வரியை அழிக்கும் என்றால் மட்டும் சண்டை போடுங்கள். மற்றதையெல்லாம் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடலாம். முந்தின பத்து விஷயத்தில் விட்டுக்கொடுத்தவன் பதினோராவதில் முடியாது என்றால் கொஞ்சம் மதிப்பார்கள்.

7. தாளில் இல்லாதது எதுவும் இல்லை

கதைக்கான எண்ணத்துக்குக் காப்பிரைட் கிடையாது. அதை நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் அந்த உரிமைக்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுதியவுடனேயே வந்துவிடுகிறது. ஆனால் தகராறு என்று வந்தால் தேதியோடு ஆதாரம் வேண்டும். எழுத்தாளர் சங்கத்திலோ அரசு அலுவலகத்திலோ பதிந்து வையுங்கள். ஒவ்வொரு டிராஃப்டையும் தேதி போட்டுத் தனி ஃபைலாக வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்' என்று பெயர் வைத்து நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

சம்பளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள்: கையெழுத்தின்போது, முதல் டிராஃப்ட் கொடுக்கும்போது, திருத்தம் முடியும்போது. எத்தனை திருத்தம் என்பது எண்ணாக ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'சின்னதா ஒரு மாற்றம்' என்றே எட்டு மாதம் ஓடிவிடும். படம் எடுக்கப்படாவிட்டால் எத்தனை வருடத்தில் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்பதும் இருக்கட்டும்.

டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதியில், சேர்ந்து எழுதிய இருவரின் பெயருக்கு நடுவே '&' குறி வரும், தனித்தனியாக எழுதியவர்கள் என்றால் 'ஆண்ட்' என்ற சொல் முழுதாக வரும். ஒரு குறிக்குள் அவ்வளவு சண்டை அடங்கியிருக்கிறது. கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி வேலை தரக்கூடாதென்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்த திரைக்கதையாசிரியர் டால்டன் டிரம்போ, ராபர்ட் ரிச் என்ற பொய்ப்பெயரில் எழுதிய கதைக்கு 1957 விழாவில் ஆஸ்கர் அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள ராபர்ட் ரிச் என்ற எழுத்தாளர் இல்லை. சிலை டிரம்போவின் கைக்கு வந்தது 1975இல், அவர் இறப்பதற்கு முந்தைய வருடம்.

ஏஐ பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியவற்றில் இதுவும் ஒன்று: இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் கொள்ளக் கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், ஒரே கதையை நம்பி உட்காராதீர்கள். ஒன்று டிஸ்கஷனில், ஒன்று டிராஃப்டில், ஒன்று அட்டையில் என்று குறைந்தது மூன்று கதை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கையெழுத்தான படங்களிலேயே பல நின்றுபோகும். முதல் சில வருடம் வேறு வருமானம் இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாடகை பயத்தில் எழுதியவன் எல்லாக் கரெக்ஷனுக்கும் தலையாட்டுவான். நல்ல நாற்காலிக்குச் செலவு செய்யுங்கள், முதுகு போனால் திரும்பி வராது.

8. படப்பிடிப்பு

ஷூட்டிங் ஸ்கிரிப்ட், அதாவது படப்பிடிப்புக்குப் போகும் பிரதி, ஆனதும் காட்சி எண்கள் பூட்டப்படும். பிறகு 45க்கும் 46க்கும் நடுவே காட்சி சேர்த்தால் அது 45ஏ. வெட்டினால் எண் அப்படியே இருக்கும், பக்கத்தில் நீக்கப்பட்டது என்று வரும். ஒலிக்காரரிலிருந்து உடைக்காரர் வரை எல்லோரும் அந்த எண்களை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஹாலிவுட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாளின் நிறமே மாறும், வெள்ளைக்குப் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. கையில் பழைய தாளோடு யாரும் வந்து நிற்கக் கூடாது.

ஒரு படத்தில், ரயில் நிலைய நடைமேடையில் பிரிவுக் காட்சி. முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கு அனுமதி ரத்து என்று போன். நடைமேடை இல்லை, ரயில் இல்லை, கையசைப்பு இல்லை. காலை ஏழு மணிக்குள் வேறு எழுத வேண்டும். அட்டையைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில், 'போகாதே என்று சொல்ல அவனுக்குக் கடைசி வாய்ப்பு. சொல்லவில்லை.' இதற்கு ரயில் எதற்கு? நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்புவதற்குப் போட்ட விளக்கை அவன் அணைக்க மறந்துவிட்டான், டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் கையை நீட்டி அணைத்துவிட்டு இறங்கிப் போகிறாள். நாற்பது நிமிடத்தில் எழுதினேன். நடைமேடைக் காட்சி இதைவிட நன்றாக வந்திருக்குமோ என்னவோ, கதைக்கு வேண்டியது இதில் இருந்தது.

நடிகருக்கு ஒரு வசனம் வாயில் வரவில்லை என்றால் கோபப்படாதீர்கள். தாளைக் கீழே வைக்கச் சொல்லி, 'இந்த இடத்துல நீங்க என்ன சொல்வீங்க?' என்று கேளுங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் நீளமாக இருக்கும், ஆனால் நடுவில் எங்காவது ஒரு சொல் சரியாக விழும்.

9. எடிட்டிங் அறை

கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கடைசித் திருத்தம் அங்கேதான் நடக்கிறது.

அந்த மருந்துப் பெட்டிக் காட்சியை எழுதியபடியே எடுத்திருந்தார்கள். எடிட்டர் ஓட்டிக் காட்டினார். மூன்றாவது 'இது?' வருகிறது. அக்காவாக நடித்தவர் திரும்பி, பார்த்து, நடந்து வந்து, தம்பியின் கையிலிருந்து அந்த மாத்திரைப் புட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அப்படி நான் எழுதவில்லை, அவராகச் செய்தது. பிறகு தம்பியின் முகம். அதோடு காட்சி முடிந்துவிட்டது. 'அது என்னோடது' இல்லை.

நாலு டிராஃப்ட் கழித்துக் கிடைத்த வசனம். வாயைத் திறந்துவிட்டேன். 'இன்னொரு தடவை ஓட்டட்டுமா?' என்றார் எடிட்டர். ஓட்டினார். இந்தத் தடவை நான் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

'அடுத்த சீன் போகலாம்' என்றேன்.